முகாம்தளம் கைமாறிவிட்டது, பழைய சலுகை அட்டைகள் செல்லுமா?

கேள்வி இதுதான். ஒருவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம்ப்கிரவுண்டு ஒன்றை, அதாவது கூடாரம் போட்டோ கேரவனை நிறுத்தியோ தங்கும் முகாம்தளத்தை, பெயர்ப்பலகை உட்பட அப்படியே விலைக்கு வாங்கியிருக்கிறார். பழைய உரிமையாளர் வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்து வைத்திருந்தாராம். ஒன்பது இரவு காசு கொடுத்துத் தங்கினால் பத்தாவது இரவு இலவசம், ஒவ்வொரு இரவுக்கும் அட்டையில் ஒரு துளை. இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் அந்த அட்டையோடு ரிசப்ஷனில் வந்து நிற்கிறார்கள். போன வாரம் இரண்டு பேரிடம் "இப்போது நிர்வாகம் மாறிவிட்டது, இது செல்லாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். "நான் கொடுக்காத வாக்கை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்? சட்டப்படி கட்டாயமா? எல்லா அட்டையையும் ஏற்றுக்கொண்டால் முதல் சீசனிலேயே கையைக் கடிக்காதா?" என்று கேட்கிறார்.

சிறிய தங்குமிடங்கள் கைமாறும்போது இரு தரப்புக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்றுக்கொள்ளுங்கள். இதுவரை சேர்ந்ததை ஒரு துளை விடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். இனிமேல் சேரப்போவதற்கு என்ன விதி என்பது உங்கள் உரிமை, அதை நீங்கள் மாற்றலாம். ஆனால் ஒருவர் ஏற்கெனவே காசு கொடுத்துத் தங்கிச் சேர்த்ததை மாற்றாதீர்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு காட்சி. சில வருடங்களுக்கு முன் ஒரு முகாம்தளத்தில் கணக்குப் புத்தகங்களோடு ரிசப்ஷன் அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் கைமாறி ஆறு வாரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கேரவனை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பர்சிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். ஓரமெல்லாம் நைந்து, மழையில் ஒருமுறை நனைந்து காய்ந்த அட்டை. ஒன்பது துளையும் இருந்தது. சில துளைகள் நட்சத்திர வடிவம், சில வட்டம். இடையில் துளை போடும் கருவியை மாற்றியிருக்கிறார்கள் போல. மேஜையில் இருந்த பெண் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். "சார், இது பழைய ஓனர் கொடுத்தது." அவர் சண்டை போடவில்லை. அட்டையை எடுத்து மறுபடியும் பர்சில் வைத்துக்கொண்டு இரண்டு இரவுக்குப் பணம் கட்டினார். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார். போகும்போது அடுத்த மாதம் போட்டிருந்த இரண்டு வார புக்கிங்கையும் ரத்து செய்துவிட்டுப் போனார். ஓர் இரவு வாடகையை மிச்சம் பிடித்த இடத்தில் பதினான்கு இரவு போனது. அந்தப் பெண் மேல் எனக்கு இப்போதும் வருத்தம் கிடையாது. அவளுக்கு வேறு பதில் சொல்ல யாரும் அதிகாரம் கொடுத்திருக்கவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். இதில் எல்லாமே நீங்கள் எதை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. முகாம்தளத்தை நடத்திய கம்பெனியின் பங்குகளையே வாங்கியிருந்தால் கேள்விக்கே இடமில்லை. வாக்குக் கொடுத்தது அந்தக் கம்பெனி, அது இன்னும் அதே கம்பெனிதான், முதலாளி மட்டுமே மாறியிருக்கிறார். வங்கிக் கடன் எப்படிக் கூடவே வருமோ அப்படியே அட்டையும் வரும். நிலம், கட்டடம், உபகரணங்கள், பெயர் என்று சொத்துகளை மட்டும் தனித்தனியாக எழுதி வாங்கியிருந்தால் கதை வேறு. அப்போது ஒப்பந்தத்தில் "வாங்குபவர் ஏற்கும் பொறுப்புகள்" என்று எவற்றை எழுதியிருக்கிறதோ அவை மட்டுமே உங்களுடையவை, மற்றவை விற்றவரிடமே நிற்கும். பொதுவான விதி இதுதான். இதற்கு விலக்குகளும் உண்டு. உதாரணத்துக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் வழிவழியாகச் சொல்லிவரும் விலக்குகள் நான்கு: வாங்கியவர் வெளிப்படையாகவோ நடத்தையாலோ பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தால், பெயரளவில் சொத்து விற்பனையாக இருந்தாலும் உண்மையில் அது இரண்டு நிறுவனங்களின் இணைப்பாக இருந்தால், பழைய தொழிலே வேறு சட்டையில் தொடர்ந்தால், கடன் கொடுத்தவர்களை ஏமாற்றுவதற்காகவே கைமாற்றியிருந்தால். முதல் விலக்கைக் கவனியுங்கள். இரண்டு மாதம் அட்டைகளை வாங்கிக்கொண்டு மூன்றாம் மாதம் மறுப்பவர், முதலிலேயே மறுத்தவரைவிட வலுக்குறைந்த இடத்தில் நிற்கிறார். அதனால் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்த ஒரு பத்தியை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அரை மணி நேர வேலைதான்.

ஆனால் சட்டம் உங்களை விட்டுவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் அதே பதிலைத்தான் சொல்வேன். காரணம், நீங்கள் வாங்கியது வெறும் நிலமாக இருந்திருந்தால் இத்தனை விலை கொடுத்திருக்க மாட்டீர்கள். அதே அளவு நிலமும் அதே மின் கம்பங்களும் வேறு எங்காவது இதைவிட மலிவாகக் கிடைத்திருக்கும். கூடுதலாகக் கொடுத்தது எதற்காக? வருடா வருடம் இங்கேதான் வருவோம் என்று பழகிப்போன மனிதர்களுக்காக. கணக்குப் புத்தகத்தில் அதற்கு நற்பெயர் மதிப்பு என்று பெயர். அந்த அட்டை வைத்திருப்பவர்கள்தான் அந்த நற்பெயரின் உடம்பும் உயிரும். பலகையில் பெயர் அதேதான் இருக்கிறது, வாசலில் அதே மரம் நிற்கிறது. வருகிறவருக்குப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கணக்கில் வாக்குக் கொடுத்தது அந்த இடம்.

"நான் கொடுக்காத வாக்கு" என்கிறீர்கள். அது நியாயமான வருத்தம். அதைத் தீர்க்க வேண்டியவர் விற்றவர், வாடிக்கையாளர் அல்ல. இதைப் புரிந்துகொள்ளக் கணக்கியல் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. 2018 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசத் தரம் சலுகைப் புள்ளிகளைப் பார்க்கும் விதம் இது: வாடிக்கையாளர் ஒன்பது இரவுக்குக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி உண்மையில் பத்தாவது இரவுக்கான விலை. ஆகவே அந்தப் பகுதியை வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்தாவது இரவைக் கொடுக்கும்வரை, அல்லது அது காலாவதியாகும்வரை, பொறுப்பு என்ற பக்கத்தில் நிறுத்திவைக்க வேண்டும். இந்தப் பார்வையில் பத்தாவது இரவு இலவசமே கிடையாது. அதற்கான காசு ஏற்கெனவே வந்துவிட்டது, வந்து சேர்ந்தது பழைய உரிமையாளரின் பெட்டியில். சேவையைக் கொடுக்கப்போவது நீங்கள். அப்படியென்றால் அந்தக் காசு அவரிடமிருந்து உங்களிடம் வர வேண்டும். பேச வேண்டிய பேச்சு இவ்வளவுதான். சின்ன முகாம்தளங்கள் பெரும்பாலும் வரவு செலவு மட்டும் எழுதுகிறவை. அவற்றின் புத்தகத்தில் இந்தப் பொறுப்புக்கு ஒரு வரிகூட இருக்காது. அதனால் வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. கடைசியில் அட்டை மேஜைக்கு வரும்போதுதான் இருவருக்கும் நினைவு வருகிறது.

கையைக் கடிக்குமா என்பதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கற்பனைக் கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் எண்களைப் பிறகு இதில் பொருத்திக்கொள்ளலாம். 400 அட்டைகள் வெளியே இருக்கின்றன. சராசரியாக ஓர் அட்டைக்கு 4 துளை. ஒன்பது துளைக்கு ஓர் இரவு என்பதால் ஒரு துளை என்பது ஒன்பதில் ஒரு பங்கு இரவு. மொத்தம் 1,600 துளை, அதாவது கிட்டத்தட்ட 178 இரவு. எல்லாரும் திரும்பி வருவதில்லை. அட்டை தொலையும், ஊர் மாறுவார்கள், கேரவனை விற்றுவிடுவார்கள். பத்தில் ஆறு பங்கு வந்து சேரும் என்று வைத்தால் 107 இரவு. இப்போது உங்கள் முகாம்தளத்தில் 80 இடங்கள், 180 நாள் சீசன் என்றால் விற்கக் கைவசம் இருப்பது 14,400 இரவு. அதில் 107 என்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை. 178 இரவும் ஒரே சீசனில் வந்தால்கூட 1.2 சதவீதம்.

இன்னொன்று. அந்த 107 இரவின் செலவு 107 இரவின் முழு வாடகை அல்ல. செவ்வாய்க்கிழமை பாதி இடங்கள் காலியாகக் கிடக்கும்போது ஒருவர் இலவசமாகத் தங்கினால் உங்களுக்கு ஆகும் செலவு அவர் இழுக்கும் மின்சாரம், தண்ணீர், குளியலறைச் சுத்தம், கழிவுத் தொட்டி. அவ்வளவுதான். அதே ஆள் விடுமுறை வார இறுதியில், எல்லா இடமும் நிரம்பிய நாளில் வந்தால் ஒரு முழு வாடகை போகும், ஏனென்றால் காசு கொடுக்கத் தயாராக இருந்த ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். ஆக உண்மையான செலவு எந்த நாளில் கொடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

இதைக் கேட்டதும் பலர் உடனே எடுக்கும் முடிவு, "வார நாட்களில் மட்டும் செல்லும்" என்று ஒரு விதி போடுவது. வேண்டாம். பழைய அட்டையின் பின்பக்கத்தில் அப்படி எழுதியிருந்தால் போடுங்கள், எழுதியிராவிட்டால் அது வாக்கை வெட்டுவதுதான். அதற்குப் பதில், "வெள்ளி, சனி என்றால் ஓர் இரவு. ஞாயிறு முதல் வியாழன் வரை என்றால் இரண்டு இரவு. உங்கள் விருப்பம்" என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை, வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் பெரும்பாலும் இரண்டு இரவைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வீடுகள் சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கும் செலவு குறையும், யாருக்கும் எதையும் பறித்ததாகத் தோன்றாது. இரண்டு இரவு தங்குகிறவர் விறகும் ஐஸும் உங்கள் கடையில்தான் வாங்குவார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் சலுகையும் ஒரே ரகம் இல்லை, இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பரிசு வவுச்சர், அடுத்த வருடத்துக்குக் கட்டிய அட்வான்ஸ், புயலால் ரத்தான தங்கலுக்குப் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்த கிரெடிட் சீட்டு எல்லாம் சலுகையே அல்ல. அவை வாடிக்கையாளரின் பணம். அவற்றை மறுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பல நாடுகளிலும் மாநிலங்களிலும் பரிசு வவுச்சர்களுக்கென்று தனிச் சட்டமே உண்டு, தவிர கார்டில் கட்டியவர்கள் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது. அடுத்தது, வருடச் சந்தா கட்டி வாங்கிய உறுப்பினர் அட்டை. சந்தா முடியும் தேதிவரை அதே தள்ளுபடியைக் கொடுங்கள், புதுப்பிக்கும்போது உங்கள் விதியைச் சொல்லுங்கள். மூன்றாவது, நாம் பேசிக்கொண்டிருக்கும் துளை அட்டையும் புள்ளிகளும். நான்காவதாக ஒன்று உண்டு, அதற்குத் தாளே இருக்காது. "எங்களுக்கு எப்போதும் ஓடைக்கரை இடத்தைத்தான் கொடுப்பார்", "நாய்க்குக் காசு வாங்க மாட்டார்" என்பதெல்லாம். இவை வாக்கு அல்ல, பழக்கம். எல்லாவற்றையும் காலகாலத்துக்கும் தொடர வேண்டியதில்லை. ஆனால் இந்த சீசனுக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த வருடத்திலிருந்து எப்படி என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் யாருக்கும் மனசு ஒப்பாது.

முகாம்தளம் ஒரு பெரிய சங்கிலியைச் சேர்ந்ததாக இருந்தால் புள்ளிகள் உங்களுடையவையே அல்ல. 1962-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள பில்லிங்ஸ் ஊரில் தொடங்கிய கே.ஓ.ஏ. (கேம்ப்கிரவுண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா) போன்ற அமைப்பில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி உரிமையாளர் இருக்கலாம், ஆனால் உறுப்பினர் திட்டம் மையத்தில் நடக்கிறது. உரிமையாளர் மாறினாலும் புள்ளிகள் அசையாது. நீங்கள் அந்தச் சங்கிலியைவிட்டு வெளியே வந்தால்தான் சிக்கல். அப்போது பழைய வாடிக்கையாளரிடம் "உங்கள் புள்ளிகள் பத்திரமாக இருக்கின்றன, அந்தச் சங்கிலியின் மற்றத் தளங்களில் செல்லும், இங்கே இனி செல்லாது" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதேபோல, தங்கள் உறுப்பினர்களுக்குப் பல முகாம்தளங்களில் தள்ளுபடி வாங்கித் தரும் வெளிச் சங்கங்களோடு பழைய உரிமையாளர் போட்டிருந்த ஒப்பந்தம் தானாக உங்களிடம் வராது. தொடர வேண்டுமென்றால் நீங்கள் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அந்தச் சங்கத்தின் ஸ்டிக்கர் வாசலில் ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

பெரிய நிறுவனங்கள் இதே இடத்தில் என்ன செய்தன என்பதும் பார்க்கத் தகுந்தது. மேரியட் ஓட்டல் நிறுவனம் ஸ்டார்வுட் என்ற இன்னொரு ஓட்டல் நிறுவனத்தை வாங்கி முடித்த 2016 செப்டம்பர் 23 அன்றே, ஸ்டார்வுட் உறுப்பினர்கள் இரண்டு கணக்கையும் இணைத்துக்கொள்ளலாம், ஒரு ஸ்டார்வுட் புள்ளிக்கு மூன்று மேரியட் புள்ளி என்று அறிவித்தது. திட்டங்கள் முழுதாக ஒன்றானது 2018 ஆகஸ்டில்தான். ஆனால் முதல் கேள்விக்கான பதில் முதல் நாளே கிடைத்துவிட்டது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2016 டிசம்பரில் விர்ஜின் அமெரிக்கா என்ற விமான நிறுவனத்தை வாங்கியபோதும், அதன் ஒரு புள்ளிக்குத் தன் சலுகைத் திட்டத்தில் 1.3 மைல் (அங்கே புள்ளிக்கு மைல் என்று பெயர்) என்று விகிதம் சொன்னது. எதிர்ப்பக்கத்தில் ஷார்ப்பர் இமேஜ் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலியைச் சொல்ல வேண்டும். 2008 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்ததும் பரிசு அட்டைகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. பிறகு, அட்டையின் மதிப்பைப்போல இரண்டு மடங்குக்குப் பொருள் வாங்கினால் மட்டும் ஏற்போம் என்றது. முழுக்க மூழ்கும் தறுவாயில் இருந்த கடை அது. நன்றாக ஓடுகிற முகாம்தளத்தை வாங்கிய ஒருவர் அந்த வழியில் போக ஒரு காரணமும் இல்லை.

நிறையாத அட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் பலர் அவற்றைச் சுமையாக மட்டுமே பார்க்கிறார்கள். ஜோசஃப் நூனெஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கார் கழுவும் இடத்தில் 300 அட்டைகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு எட்டு முத்திரை வேண்டிய வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்து முத்திரை வேண்டிய அட்டை, ஆனால் இரண்டு முத்திரை ஏற்கெனவே குத்திக் கொடுத்தார்கள். இருவருக்கும் மிச்சம் எட்டுதான். வெற்று அட்டை வாங்கியவர்களில் 19 சதவீதம் பேர் அட்டையை நிரப்பினார்கள். இரண்டு முத்திரையோடு வாங்கியவர்களில் 34 சதவீதம். கொஞ்சம் தூரம் வந்துவிட்டோம் என்ற எண்ணமே மனிதரை இழுத்து வருகிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் கையில் நாலு துளை, ஆறு துளை போட்ட அட்டைகள் இருக்கின்றன. இந்த இழுப்பைப் பழைய உரிமையாளர் பல வருடம் செலவழித்து உண்டாக்கி வைத்திருக்கிறார். "எல்லாம் புதிதாகத் தொடங்குவோம்" என்று சொல்லும் கணத்தில் அதை நீங்களே துடைத்துவிடுகிறீர்கள். மாறாக, புது அட்டை அச்சடித்து, வருபவரின் கண்முன்னே பழைய துளைகளை எண்ணி அத்தனை துளையும் அதில் போட்டுக் கொடுங்கள். அவருக்கு அது ஒரு வரவேற்பு. ஓய்ந்த மாதமாக இருந்தால் ஒன்று கூடவே போடுங்கள்.

அடுத்தது கெடு. காலவரையின்றித் திறந்து வைக்க வேண்டியதில்லை, ஒரு தேதி சொல்லலாம். ஆனால் 90 நாள் கெடு என்பது முகாம்தளத்துக்குப் பொருந்தாது. போன கோடையில் வந்தவர் அடுத்த கோடையில்தான் வருவார். நடுவில் போட்ட கெடுவை அவர் பார்க்கவே வாய்ப்பில்லை. குறைந்தது ஒரு முழு சீசன், முடிந்தால் இரண்டு. நான் எப்போதும் இரண்டு என்றுதான் சொல்வேன். ஒரு வருடம் உடம்பு முடியாமலோ பேரப்பிள்ளை பிறந்தோ வர முடியாமல் போனவர்களும் அதில் அடங்கிவிடுவார்கள்.

அட்டை இல்லாமல் வருகிறவரை என்ன செய்வது? "எட்டு துளை இருந்தது, தொலைத்துவிட்டேன்" என்பார். பழைய புக்கிங் பதிவில் பெயரைத் தேடுங்கள். இருந்தால் முடிந்தது. பதிவு கிடைக்காவிட்டாலும், கேட்பது ஓர் அட்டைக்குள் அடங்குகிற தொகையென்றால் நம்பிவிடுங்கள். பொய் சொல்லி ஓர் இரவு வாங்கிக்கொண்டு போகிறவர் நூறில் ஒருவர் இருப்பார். அவரைப் பிடிக்க மற்ற தொண்ணூற்றொன்பது பேரை மேஜையில் நிற்கவைத்து விசாரிப்பது நல்ல வியாபாரமும் அல்ல, மரியாதையும் அல்ல.

இங்கேதான் எல்லாரும் தவறவிடுகிற ஒரு விஷயம் வருகிறது. பழைய புக்கிங் மென்பொருள். பெரும்பாலும் அது மாதச் சந்தாவில் ஓடுவது, விற்றவர் பெயரில் இருப்பது. கிரயம் முடிந்த மறுநாள், இனி எதற்கு என்று அவர் சந்தாவை நிறுத்திவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் அதோடு யார் எத்தனை இரவு தங்கினார், யாரிடம் எத்தனை புள்ளி இருக்கிறது என்ற பதிவு முழுக்கப் போய்விடும். இன்றைக்கே அவருக்கு போன் செய்து, சந்தா ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால் இன்னும் மூன்று மாதச் சந்தாவை நானே கட்டுகிறேன் என்று சொல்லி, தங்கல் விவரம், புள்ளி இருப்பு, வவுச்சர் எண்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். நிறுத்தியிருந்தால் மென்பொருள் நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள், மூடிய கணக்கின் தகவலைச் சில காலம் வைத்திருந்து பிறகு அழிப்பவர்கள் உண்டு.

பட்டியல் கைக்கு வந்ததும் அதை எப்படியும் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். 2011-ல் திவாலான பார்டர்ஸ் புத்தகக் கடையின் பெயரையும் வாடிக்கையாளர் பட்டியலையும் பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற போட்டிப் புத்தகக் கடை 1.39 கோடி டாலருக்கு வாங்கியபோது, பட்டியலில் இருந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, விருப்பமில்லாதவர்கள் 15 நாளுக்குள் விலகிக்கொள்ள வழிவிட வேண்டியிருந்தது. அதே ஸ்டார்வுட்டின் பழைய புக்கிங் கணினியில் 2014-லிருந்தே யாரோ ஊடுருவி உட்கார்ந்திருந்தது 2018-ல் வெளியே வந்தது. அபராதம் கட்டியது அதை வாங்கிய மேரியட். பழைய கணினியை வாங்குகிறவர் அதன் ஓட்டைகளையும் சேர்த்து வாங்குகிறார். உங்களுக்குத் தேவையானது பெயர், தொடர்பு எண், தங்கிய இரவுகள். பழைய கார்டு எண்கள் ஏதாவது அதில் கிடந்தால் வைத்துக்கொள்ளாமல் அழித்துவிடுங்கள்.

விற்றவரிடம் பணம் கேட்கும் விஷயம். கிரயத்துக்கு முன் என்றால் சுலபம். நிலுவை இரவுகளை மேலே சொன்னபடி கணக்கிட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளலாம். அல்லது ஒரு பகுதியை ஒரு வருடத்துக்கு மூன்றாம் நபரிடம் நிறுத்திவைத்து, உண்மையில் வந்த அட்டைகளுக்கு ஏற்ப எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்கலாம். உங்களுக்கு கிரயம் முடிந்துவிட்டது. அதனால் ஒப்பந்தத்தில் விற்றவர் கொடுத்த உறுதிமொழிகளைப் பாருங்கள். "வெளிப்படுத்தாத பொறுப்புகள் எதுவும் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரி இருந்தால் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் சண்டைக்குப் போகாதீர்கள். வருகிற ஒவ்வொரு அட்டையையும் படம் எடுத்து, தேதியும் அன்றைய வாடகையும் குறித்து வைத்து, சீசன் முடிவில் ஒரு பக்கக் கணக்காக அவர் முன் வையுங்கள். பாதி கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்த வாடிக்கையாளர்கள் அவருக்கும் வேண்டியவர்கள்தானே. அவர் ஒரு பைசா தராவிட்டாலும் வாடிக்கையாளரிடம் சொல்கிற பதில் மாறக் கூடாது.

அப்புறம், ஊருக்குச் சொல்வது. எல்லாருக்கும் ஒரு கடிதம் போதும். நான் எழுதிக்கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வணக்கம். இந்த முகாம்தளத்தை இப்போது நாங்கள் நடத்துகிறோம். நீங்கள் இதுவரை சேர்த்த இரவுகள் அப்படியே இருக்கின்றன. நிறைந்த அட்டைக்கு முன்போலவே ஓர் இரவு இலவசம். நிறையாத அட்டையைக் கொண்டுவந்தால் அதே எண்ணிக்கையோடு புது அட்டை தருவோம். அட்டை தொலைந்திருந்தால் பெயரும் வந்த மாதமும் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறோம். வவுச்சரும் அட்வான்ஸும் முழுதாகச் செல்லும். அடுத்த இரண்டு சீசன் முடியும்வரை இந்த ஏற்பாடு." இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். "நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" என்ற வாசகத்தைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள், மேலே சொன்ன அத்தனையையும் அந்த ஒரு வரி கெடுத்துவிடும். அதே வாசகத்தை அச்சிட்டு ரிசப்ஷன் மேஜையில் வையுங்கள். அங்கே உட்காருகிறவரிடம், சந்தேகம் வந்தால் கொடுத்துவிடு, என்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஓர் இரவு அளவுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் மேஜையில் இருக்க வேண்டும். முடிந்தால் முதல் விடுமுறை வார இறுதியில் பழைய உரிமையாளரையும் வந்து இருக்கச் சொல்லுங்கள். முகம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று "இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, போன வாரம் திருப்பி அனுப்பிய அந்த இரண்டு பேர். அவர்கள் பெயரும் எண்ணும் உங்கள் பதிவேட்டில் இருக்கும். மின்னஞ்சல் வேண்டாம், நீங்களே போன் செய்யுங்கள். "அன்றைக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன், உங்கள் அட்டை செல்லும். அன்று கட்டிய ஓர் இரவுப் பணத்தைத் திருப்பித் தரட்டுமா, அடுத்த முறை வரும்போது தங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவர்கள் எதைச் சொன்னாலும் அன்றைக்கே செய்து முடித்துவிடுங்கள்.